340 கிலோ தாங்கும் என்று விற்கப்பட்ட ராம்ப்: பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நீடாமங்கலம் பக்கம் பதினான்கு ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்தி வருகிறேன். ஐப்பசி அடைமழையில் வெண்ணாறும் கோரையாறும் நிறைந்து, வாய்க்கால் நீர் வீட்டு வாசல்வரை ஏறும் நாட்களில், வண்டி தண்ணீரில் மூழ்கிவிட்டது என்று சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஓயாமல் அழைப்பு வரும். மூழ்கிய வண்டியைக் கிளப்பிப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் அப்படிப்பட்ட வண்டிகளை ஏற்றிக்கொண்டு வருவதற்கென்றே பழைய பொலேரோ பிக்கப் ஒன்றை வாங்கினேன். அதில் வண்டி ஏற்றச் சாய்த்து வைக்கும் பலகையான ராம்ப் ஒன்றை வாங்கப் போய்த்தான் ஏமாந்தேன். என்னிடம் வேலை பார்க்கும் தம்பி அதனால் ஆறு வாரம் காலில் மாவுக்கட்டுடன் கிடந்தான். இதே வகை ராம்ப் டெல்டா ஊர்களில் இன்னும் பலரிடம் விற்கப்படுவதைப் பார்க்கிறேன். அதனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அதுவரை நாங்கள் இரண்டு பனஞ்சட்டங்களை வைத்துத்தான் ஏற்றிக்கொண்டிருந்தோம். மழையில் அவை வழுக்கும் என்பதால், அலுமினிய மடக்கு ராம்ப் விற்கும் வெளியூர்க் கடை ஒன்றைக் கைப்பேசி வழியாகத் தொடர்புகொண்டேன். அனுப்பிய படத்தில் நடுவில் வில்போல் வளைந்த எட்டடி ராம்ப் இருந்தது. மூன்று மில்லிமீட்டர் கனம், 340 கிலோ தாங்கும், கட்டுவதற்குப் பெல்ட்டும் உண்டு என்று கடைக்காரர் வாய்மொழியாக உறுதி கூறினார். 8,900 ரூபாயை முன்பணமாகவே அனுப்பினேன். வந்த பொட்டலத்தில் வளைவில்லாத நேரான ராம்ப் இருந்தது, பெல்ட் இல்லை. விரித்து அளந்தபோது ஆறடி இரண்டு அங்குலம்தான். உடனே அழைத்துக் கேட்டேன். "எட்டடி ஸ்டாக் இல்லண்ணே, பிக்கப்புக்கு இதுவே போதும், பெல்ட்டு பின்னாடி கொரியர்ல வரும்" என்றார். மழைக்காலம் நெருங்கிவிட்டது, வேலை நடக்கட்டும் என்று நான் திருப்பி அனுப்பாமல் விட்டேன். அந்தப் பெல்ட் இன்றுவரை வரவில்லை.

கொரடாச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்தில் கிளாசிக் 350 புல்லட் ஒன்று இரவு முழுவதும் தண்ணீரில் நின்றிருந்தது. எங்கள் பகுதியில் தார்ச்சாலையை ஒவ்வொரு முறையும் பழையதன்மேலேயே போட்டுப் போட்டு உயர்த்திவிட்டார்கள். வீட்டு வாசல்கள் எல்லாம் சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. பிக்கப்பைச் சாலையில் நிறுத்தி, ராம்பின் அடிமுனையை வாசல் மண்ணில் ஊன்றி, நான் மேலே நின்று முன்பக்கம் கட்டிய கயிற்றை இழுத்தேன். தம்பி இடப்பக்கம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்காரர் பின்னாலிருந்து தள்ளினார். முன்சக்கரம் பிக்கப்பின் சரக்குத் தளமான டெக்கில் ஏறிவிட்டது. பின்சக்கரம் ராம்பின் நடுவிலுள்ள மடிப்பைத் தொட்ட கணத்தில், தகரத்தைக் கிழிப்பது போன்ற ஓர் ஒலி கேட்டது. ராம்ப் நடுவில் மடிந்து இறங்க, வண்டியின் அடிப்பாகம் டெக்கின் விளிம்பில் மோதி, இடப்புறமாகச் சரிந்து தம்பியின் காலின்மேல் விழுந்தது. கணுக்காலில் எலும்பு விரிசல். சேற்று மண்ணாக இருந்ததால் கால் கொஞ்சம் புதைந்துகொண்டது. கெட்டித் தரையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

மறுநாள் கடைக்காரரை அழைத்தேன். "340 கிலோ ஜோடிக்குண்ணே. நீங்க ஒத்தை ராம்ப்தானே வாங்குனீங்க? ஓவர்லோடு பண்ணிருக்கீங்க" என்றார். இந்த ஒரு பதிலில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நான்கு சக்கரமுள்ள சிறு வண்டிகளை ஏற்றுவதற்கு இரண்டு ராம்புகளை இணையாக வைப்பார்கள். சுமை இரண்டுக்கும் பிரியும். அந்த ஜோடிக்கு உரிய எண்ணைத்தான் ஒவ்வொன்றின்மேலும் ஒட்டுகிறார்கள். ஜோடியைப் பிரித்து ஒற்றையாக மோட்டார் சைக்கிள்காரருக்கு விற்கும்போது அந்த எண் பாதியாகிவிடுகிறது, ஆனால் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. கிளாசிக் 350இன் எடை 195 கிலோ. ஒற்றை ராம்பின் தாங்குதிறன் 170. பிக்கப் என்ன மாடல், ஏற்றப்போவது எந்த வகை வண்டிகள் என்று முதல் அழைப்பிலேயே அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன், தெரிந்தேதான் விற்றிருக்கிறார்.

உடைந்த ராம்பைப் பட்டறை மேசையில் வைத்து வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். மூன்று மில்லிமீட்டர் என்று சொல்லப்பட்ட தகடு 1.6 மில்லிமீட்டர்தான் இருந்தது. மடிப்பை இணைக்கும் கீலுக்குள் செல்லும் 'பின்' என்ற ஆணி, வெள்ளிநிறப் பூச்சு பூசிய 6 மில்லிமீட்டர் சாதா இரும்புக் கம்பிதான்; அது வளைந்திருந்தது. அந்தப் பின் நுழையும் காதுகள் இரண்டும் காகிதத்தைக் கிழித்ததுபோல் துளையிலிருந்து விளிம்புவரை பிளந்திருந்தன. மடக்கு ராம்பில் கீல் அடிப்பக்கத்தில் இருக்கும். மேலே பாரம் ஏறும்போது மேல்விளிம்புகள் ஒன்றையொன்று நெருக்கும். அடிப்பக்கம் பிரியப் பார்க்கும். அந்தப் பிரிவைத் தடுத்து நிறுத்துவது கீலின் காதும் பின்னும் மட்டுமே. மேலிருந்து அடிவரை இரண்டு அங்குலமே உள்ள இந்த ராம்பின் நடுவில் நூறு கிலோ நின்றால், கீலில் விழும் இழுப்பு ஏறத்தாழ அதைப்போல் ஏழெட்டு மடங்காகிறது. ராம்ப் வாங்குபவர் எல்லோரும் மேல்தகட்டைத் தட்டிப் பார்க்கிறோம். திருப்பிப் போட்டுக் கீலைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. பட்டறை வைத்திருக்கும் நான் பார்த்திருக்க வேண்டும்.

அலுமினியத்தை வெல்டு செய்த இடத்தில் அதன் வலு கணிசமாகக் குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதப்படுத்திய நல்ல அலுமினியமாகவே இருந்தாலும், வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் அந்தப் பதம் போய்விடும். ஆகவே கொக்கியும் கீலும் வெறும் வெல்டால் மட்டும் பிடித்திருக்கிறதா, போல்ட் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இனி நீளத்தைப் பற்றி. என் பிக்கப்பின் டெக் சமதளத்தில் தரையிலிருந்து 33 அங்குலம். பத்தடி ராம்பில் சரிவு 16 டிகிரி. ஆறடி இரண்டு அங்குல ராம்பில் 26 டிகிரிக்கு மேல். 195 கிலோ வண்டியைப் பத்தடியில் ஏற்ற ஏறத்தாழ 54 கிலோ அளவு தள்ள வேண்டும். அதே வண்டிக்கு இந்தக் குட்டை ராம்பில் 87 கிலோ வேண்டும். அன்று வாசல் சாலையைவிட எட்டு அங்குலம் தாழ்ந்திருந்ததால் உயரம் 41 அங்குலமாகி, சரிவு 33 டிகிரியைத் தாண்டிவிட்டது. "பிக்கப்புக்கு இதுவே போதும்" என்று சொன்னவர் என் டெக்கின் உயரத்தைக் கேட்கவே இல்லை.

சரிவு கூடினால் வரும் இன்னொரு தொல்லை, வண்டியின் அடி தட்டுவது. முன்சக்கரம் டெக்கிலும் பின்சக்கரம் ராம்பிலும் இருக்கும்போது, இரண்டுக்கும் நடுவே டெக்கின் விளிம்பு வண்டியின் வயிற்றை நோக்கி எழும். கிளாசிக்கின் இரு சக்கரங்களுக்கும் இடையே 1,390 மில்லிமீட்டர். தரையிலிருந்து அடிப்பாகம் 170 மில்லிமீட்டர். 16 டிகிரிச் சரிவில் விளிம்பு 98 மில்லிமீட்டர்தான் எழும், தடையில்லாமல் ஏறிவிடும். 33 டிகிரியில் 200 மில்லிமீட்டரைத் தாண்டும். அன்று கீல் கிழியாமல் இருந்திருந்தாலும் வண்டி விளிம்பில் உட்கார்ந்து, முன்னும் போகாமல் பின்னும் வராமல் ஆடியிருக்கும். படத்தில் காட்டிய வில்வளைவு ராம்ப் இந்த இடைஞ்சலைக் குறைப்பதற்காகவே செய்யப்படுவது; அதற்குப் பதில் நேரானதை அனுப்பியது சிறு மாற்றம் அல்ல.

பெல்ட் வராததையும் நான் அற்பமாக எண்ணிவிட்டேன். கொக்கி டெக்கில் பதிந்துதானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் என்ஜின் ஓடும் வண்டியைக் கிளட்ச் விட்டு ஏற்றும்போது, பின்சக்கரம் வண்டியை முன்னே தள்ளும் அதே விசையில் ராம்பைப் பின்னே உதைக்கும். கொக்கி நழுவினால் ராம்ப் விழும். பிக்கப்பின் அடிச்சட்டமான சேஸிஸோடு சங்கிலியோ பெல்ட்டோ போட்டு இறுக்காத ராம்பில் எந்த வண்டியையும் ஏற்றக் கூடாது. நடப்பவருக்கும் தனிப் பலகை வேண்டும். வண்டி மேலேற மேலேற ஹேண்டில் தலைக்குமேல் போய்விடும். தரையில் நிற்பவரால் அதைத் தாங்கிப் பிடிக்க இயலாது. தம்பி அப்படித்தான் எக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது எனக்குக் குறுக்கே நின்றது பில். அதில் "பைக் ராம்ப் - 1" என்பதைத் தவிர நீளமோ கனமோ தாங்குதிறனோ எதுவும் இல்லை. பொட்டலத்தின்மேல் தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லை; பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி அவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். நல்லவேளையாகக் கடைக்காரர் அனுப்பிய படமும், "8 அடி, 340 கிலோ" என்று அவர் தட்டச்சு செய்து அனுப்பிய ஒற்றைச் செய்தியும் என் கைப்பேசியில் அழியாமல் இருந்தன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிட்டேன். அங்கே கடைக்காரர் பதிலளிக்காததால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்; நான் திருவாரூரில் தொடர்ந்தேன். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இப்போது உள்ளூர் வெல்டிங் பட்டறையில் மடிப்பே இல்லாத பத்தடி இரும்பு ராம்ப் ஒன்றைச் செய்து வாங்கியிருக்கிறேன். இரண்டு அங்குலச் சதுரப் பைப், மூன்று மில்லிமீட்டர் கனம். தூக்க இரண்டு பேர் வேண்டும். மேலே தகடு போடாமல் ஏணிபோல் நெருக்கமாகக் குறுக்குக் கம்பிகள் வைக்கச் சொன்னேன், ஏனென்றால் நம் வண்டல் களிமண் நனைந்தால் செக்கர் பிளேட் எனும் புடைப்புத் தகட்டின் மேடுகளையும் மூடி எண்ணெய்போல் வழுக்கும். கம்பிகளுக்கு இடையே சேறு கீழே விழுந்துவிடுகிறது. பில்லில் நீளம், கனம், ஒற்றை ராம்ப் தாங்கும் எடை மூன்றையும் எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகே பணம் கொடுத்தேன். முடிந்த இடங்களில் பிக்கப்பைப் பள்ளமான பக்கம் நிறுத்தி, வண்டியை மேட்டிலிருந்து ஏற்றுகிறோம். வாய்க்கால் கரையோ உயர்ந்த சாலை ஓரமோ கிடைத்தால் ராம்ப் ஏறக்குறைய மட்டமாகவே கிடக்கிறது.

வெள்ளிநிற மடக்கு ராம்ப் வாங்கி வைத்திருப்பவர்கள் அடுத்த வண்டியை ஏற்றுவதற்கு முன் அதைத் திருப்பிப் போட்டு, கீலின் பின்னில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், பின்னின் தடிமனையும் காதுகளின் கனத்தையும் அளந்து, துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஏதும் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் தென்பட்டால் அதில் மிதிவண்டியைக்கூட ஏற்ற வேண்டாம்.