மங்கல் கோடு: பன்றிக்காய்ச்சல் கிட்டோடு இரண்டு வருடம்

"விலை குறைஞ்சிருக்கே அண்ணே, கிட் ஒரு பெட்டி வாங்கிப் போடலாமா?" என்று பந்தலூர்ப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் தம்பி போன வாரம் கேட்டார். வாங்கு, வாங்காதே என்று எதுவும் சொல்லாமல் கால் மணி நேரம் புலம்பிவிட்டு போனை வைத்தேன். அதை இங்கே எழுதியே விடுகிறேன்.

பன்றிகளைக் கொல்லும் வைரஸ் நோயான ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலைப் பார்க்கும் கிட் இது. கொரோனா நேரத்தில் வீட்டில் பார்த்த அதே பிளாஸ்டிக் அட்டைதான், சளிக்குப் பதில் ரத்தம். 2022 ஜூலையில் வயநாட்டு மானந்தவாடியில் பண்ணைப் பன்றிகளைக் கொன்று புதைத்தபோதே எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழ, அப்புறம் தூக்கமே இல்லை. நம் ஊரில் இதற்குத் தடுப்பூசி கிடைப்பதில்லை. ஒரு பண்ணையில் உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றி எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஒரு மழை இரவில் தாய்ப்பன்றி ஒன்று தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காது சிவந்து, காய்ச்சல் 106. மனைவி டார்ச் பிடிக்க, மேல்தாடையில் சுருக்கு மாட்டி, காது நரம்பில் ரத்தம் எடுத்தேன். கால் மணி நேரம் கழித்து ஒற்றைக் கோடு, அதாவது வைரஸ் இல்லை; இருந்தால் இரண்டாவது கோடு வரும். டாக்டரிடம் போனில் சொன்னேன். காலையில் வந்து தோலில் இருந்த கட்டம் கட்டமான தடிப்பைப் பார்த்துவிட்டு எரிசிபெலாஸ் என்றார், பாக்டீரியாவால் வரும் வேறு நோய். பென்சிலின் போட்டு இரண்டாம் நாள் தொட்டியை நக்கிக் காலி செய்தது. அந்த ஒரு ராத்திரியிலேயே கிட்டுக்குக் கொடுத்த காசு வசூலாகிவிட்டது.

ஆனால் அந்த மங்கல் கோடு! பன்றி திமிறும்போது எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்துபோனால் சிவப்பு நிறம் அட்டை முழுக்கப் பரவும். அதற்குள் ஒரு இளஞ்சிவப்புக் கோட்டைத் தேட வேண்டும். டியூப்லைட்டில் தெரிவது டார்ச்சில் தெரியாது. மனைவி இருக்கிறது என்பாள், நான் இல்லை என்பேன். போன ஆவணியில் அப்படித்தான் ஒரு குட்டிக்கு மயிரிழை மாதிரி ஒரு கோடு. சந்தேகம் என்றாலே கால்நடைத் துறைக்குச் சொல்லியாக வேண்டும், விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009 சட்டம் அப்படி. சொன்னேன். மாதிரி பிசிஆர் பரிசோதனைக்குப் போனது. ஒன்பது நாள் கேட்டைப் பூட்டி வைத்திருந்தேன், விற்கத் தயாராக இருந்த பன்றிகள் தின்றுகொண்டே இருந்தன. முடிவு: ஒன்றும் இல்லை. விற்றவர்களுக்கு போன் போட்டால் "வெளிச்சமான இடத்தில் பாருங்கள் சார்" என்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கொட்டகையில் வெளிச்சத்துக்கு எங்கே போக?

கோடு வராவிட்டாலும் நிம்மதியாகிவிடக் கூடாது என்பது இன்னொரு தொல்லை. தொற்றிய முதல் நாட்களில் ரத்தத்தில் வைரஸ் குறைவு, அட்டைக்குப் பிடிபடாது. காய்ச்சல் ஏறிப் படுத்த பன்றியிடம்தான் இது ஓரளவு உண்மை பேசும். ஆரோக்கியமாகத் தெரியும் குட்டியை வாங்கும் முன் இதில் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் சாமி கும்பிடுவது மாதிரி. வந்த குட்டியைத் தனியாக ஒரு மாதம் கட்டி வைப்பதற்கு அது ஈடாகாது.

ஆகவே தம்பி, வாங்காதே. அந்தக் காசில் காட்டுப்பன்றி வராமல் இன்னும் இரண்டு சுருள் வலை அடி. தீவனமாகப் போடும் ஓட்டல் கழிவைக் கொதிக்க வைக்க ஒரு அண்டா வாங்கு, அதில் வரும் வைரஸ் செத்துப்போகும்.

என் பெட்டியில் இரண்டு அட்டைதான் மிச்சம். நேற்றே புதுப் பெட்டிக்குப் பணம் போட்டுவிட்டேன். விலை குறைந்திருக்கிறதே.