சோலார் வேலிப் பெட்டி: வாங்கலாம், ஆனால் எர்த் கம்பியைக் கேட்டு வாங்குங்கள்

இலங்கையின் மலைநாட்டில், கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதைக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் காணி இருக்கிறது. வாழை, பப்பாசி, மழை விழுந்ததும் சோளம். மேலே தேயிலை மலையில் பன்றியும் முள்ளம்பன்றியும்தான் தொல்லை, இங்கே யானை. தம்பி காணியைப் பார்க்கிறான், சாமான் வாங்குவதும் கணக்கும் என் பொறுப்பு. பண்டாரவளையில் வாங்கிய, வேலிக் கம்பிக்குக் கரண்ட் கொடுக்கும் சோலார் வேலிப் பெட்டி எப்படி என்று தோட்டத்து ஆட்கள் அடிக்கடி விசாரிப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பெட்டி, பெட்டரி, பெனல் மூன்றும் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. கம்பி, கட்டை, இன்சுலேட்டர் எல்லாம் தனிச் செலவு. 12 வோல்ட் பெட்டரியிலிருந்து கரண்டை எடுத்து, ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தடவை "டக்" என்று கம்பிக்குள் அடித்து விடுகிறது. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அந்த அடி ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நிற்காது. தொட்டால் சுரீர் என்று வலிக்கும். அடுத்த அடி வருவதற்குள் யானையோ மாடோ மனிதரோ விலகிக்கொள்ளலாம். நானே தெரியாமல் முழங்கையால் உரசியிருக்கிறேன். தோள் வரைக்கும் வலித்தது, அவ்வளவுதான்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஒரு காலையில் கம்பிக்கு வெளியே ஈர மண்ணில் பெரிய கால் தடங்கள் நேராக வேலி வரைக்கும் வந்திருந்தன. அங்கே மண் கலைந்து கிடந்தது. அப்புறம் தடம் அப்படியே திரும்பி ஓடைப் பக்கம் போயிருந்தது. ஒரு வாழை சாயவில்லை. கீழே இரண்டு வரிசைக் கம்பி தாழ்வாக இழுத்ததால் பன்றியும் குறைந்துவிட்டது.

இனி கடையைப் பற்றி. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஆனால் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். "மழை நாளில் பெட்டரி இறங்கினால் என்ன செய்வது?" என்று தம்பி கேட்டான். "வீட்டு லைனில் ஒரு வயரை எடுத்துக் கம்பியில் கொடுங்க தம்பி, யானை கிட்டவே வராது" என்று விற்றவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. வீட்டுக் கரண்டில் ஓடும் வேலிப் பெட்டியும் விற்பனையில் இருக்கிறது, அதில் தப்பில்லை. அதுவும் விட்டு விட்டுத்தான் அடிக்கும். இவர் சொன்னது பெட்டியே இல்லாமல் 230 வோல்ட்டை நேராகக் கம்பியில் விடச் சொல்லி. அந்தக் கரண்ட் விடாமல் ஓடும். தசை இறுகிவிடும், தும்பிக்கையைச் சுற்றிய யானைக்குக் கம்பியை விட முடியாது. விறகு பொறுக்கப் போகும் பிள்ளைக்கும் அதே கதிதான்.

அது எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அப்பால் ஒரு சோளக் காணியில், வளர்ந்து முடியாத ஆண் யானை ஒன்று பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. தும்பிக்கையின் நுனிக்குச் சற்று மேலே, கம்பி பட்ட இடத்தில் தோல் கருகி விரல் அகலத்துக்கு ஒரு கோடு. வாய்க்குள் மென்று முடிக்காத சோளத்தட்டை. பக்கத்துக் காணிச் சீயா (சிங்களத் தாத்தா), யானையால் இரண்டு தடவை குடிசை இழந்தவர், அவரே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

2011 கணக்கெடுப்பில் நாட்டில் இருந்த யானைகள் 5,879. 2023இல் மட்டும் 470க்கு மேல் செத்தன. அதே வருடம் யானையால் இறந்த மனிதர்கள் 160க்கு மேல். துப்பாக்கி வெடி, ஹக்க பட்டாஸ் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி), கரண்ட் என்று எல்லா வழியிலும் கொல்கிறோம். மேலே நம் மலையில் கரண்டுக்குப் பதில் சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்க வைக்க முடியவில்லை. மரக்கறிப் பாத்திக்குக் கண்ணி வைக்கிறவர்களுக்கும் நான் இந்தப் பெட்டியைத்தான் சொல்வேன்.

பெட்டியின் உயிர் எர்த்தில், அதாவது பெட்டியை மண்ணோடு இணைக்கும் கம்பியில் இருக்கிறது. கடையில் ஒரே ஒரு குட்டைக் கம்பியைக் கொடுத்து அனுப்பினார்கள், அது போதவே போதாது. கல்வனைஸ் கம்பி மூன்று, ஆள் உயரத்துக்கு, பத்தடிக்கு ஒன்றாக ஈரமான இடத்தில் அடித்து ஒன்றோடொன்று இணைத்தோம். அதற்குப் பிறகுதான் மீட்டர் 6,000 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆடி, ஆவணியில் வெல்லவாயப் பக்கம் மண் பாறையாகக் காயும். அப்போது எர்த் கம்பிக்கு வாளியால் தண்ணீர் ஊற்ற வேண்டும். மழைக்குப் பிறகு புல் ஏறிக் கம்பியைத் தொட்டாலும் வோல்ட் பாதியாக இறங்கிவிடுகிறது. தம்பி தினமும் மாலையில் மீட்டரோடு ஒரு சுற்று நடக்கிறான். அந்த நடைக்கு ஆள் இல்லாதவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். கரண்ட் இல்லாத செத்த வேலியை யானை சீக்கிரம் கண்டுபிடித்துவிடும், கட்டையைத் தள்ளிச் சாய்க்கப் பழகிவிட்டால் பிறகு நல்ல வேலியையும் அப்படித்தான் செய்யும்.

வேலியைக் காணியைச் சுற்றி மட்டும் போடுங்கள், அறுவடை முடிந்ததும் கழற்றுங்கள். அரசாங்கம் போட்ட நீள வேலிகள் பல, வனசீவராசிகள் திணைக்களத்துக் காடும் வனத் திணைக்களத்துக் காடும் சந்திக்கும் எல்லையில் ஓடுகின்றன; இரண்டு பக்கமும் யானை. ஊரையும் வயலையும் சுற்றித்தான் வேலி வேண்டும் என்று யானை ஆய்வாளர் கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ பல வருடமாகச் சொல்கிறார். எங்கள் அனுபவத்தில் அது முழுக்கச் சரி. சோளம் எடுத்ததும் நாங்கள் சோளத்தைச் சுற்றிய கம்பியை மட்டும் சுருட்டினோம். யானை வந்து தட்டையைத் தின்றுவிட்டுப் போனது, யாருக்கும் நட்டமில்லை.

பெட்டிக்கு 5க்கு 4 கொடுக்கிறேன். குறைத்த ஒன்று மின்னலுக்காக. ஐப்பசி இடி மழையில் பெட்டி எரிந்தால் உத்தரவாதம் செல்லாது என்று அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில், அதுவும் தமிழில் இல்லாமல், போட்டிருக்கிறார்கள். மின்னல் தடுப்பைத் தனியாக வாங்கி மாட்டுங்கள், இடி முழங்கினால் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி வையுங்கள்.