ஐடிபி: இயற்கை வைத்தியமா, மருத்துவர் தரும் மருந்தா?

ஐடிபி (ITP) என்பது ரத்தத் தட்டணுக்கள் குறையும் நோய். இதில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) நம் எதிர்ப்பு சக்தியே குறிவைக்கிறது. மண்ணீரல் அவற்றை அழிக்கிறது.

இயற்கை வழியில் முதலில் காதில் விழுவது பப்பாளி இலைச் சாறு. அது பெரும்பாலும் டெங்குவில்தான் ஆராயப்பட்டது. டெங்கு தணிந்தால் தட்டணு தானாகவே ஏறும்; ஐடிபி அப்படியல்ல. மீன் எண்ணெய், ஜிங்கோ, பூண்டு மாத்திரைகளோ தட்டணு ஒட்டும் திறனைக் குறைக்கக்கூடும். ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு இது எதற்கு?

மருத்துவர் தரும் ஸ்டீராய்டு பெரும்பாலும் சில நாட்களிலிருந்து 2 வாரத்துக்குள் எண்ணிக்கையை ஏற்றிவிடும். ஆனால் தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும், நிறுத்தியதும் பலருக்கு மறுபடி இறங்கும். இயற்கை வழி தேடுபவர்களின் அலுப்பு நியாயமானதுதான். அப்புறம் எல்ட்ரோம்போபேக், ரோமிப்ளோஸ்டிம் இருக்கின்றன. இவை தட்டணு உற்பத்தியைத் தூண்டும். எல்ட்ரோம்போபேக்கைப் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து எடுக்கக் கூடாது.

மருந்தே வேண்டாம் என்பவர்கள் கவனிக்காத ஒன்று: தட்டணு எண்ணிக்கை 30,000-க்கு மேல் இருந்து ரத்தக்கசிவும் இல்லையென்றால், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் கண்காணிப்பே போதும். குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் குடித்த கஷாயத்துக்குத்தான் பெயர் கிடைக்கிறது!

என் ஓட்டு மருத்துவர் பக்கம். சத்தான சாப்பாடு, ஓய்வு எல்லாம் கூடவே இருக்கட்டும். எந்த மூலிகை எடுத்தாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள். வாயில் ரத்தக் கொப்புளம், கறுப்பு மலம், திடீர்த் தலைவலி வந்தால் உடனே மருத்துவமனைதான்.