தாளில் பிறந்த கவுன், துணியில் பிறந்த கவுன்

1940களின் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோருக்குக் கவுன் தாளில்தான் தொடங்கியது. தையல் கற்று வந்தவர் அல்ல அவர். 1930களில் ஸ்கெட்ச் வரைந்து விற்றுப் பிழைத்தவர். அவர் படத்தில் முதலில் கண்ணில் படுவது உருவக்கோடு: இறுக்கிப் பிடித்த இடை, அதற்குக் கீழே விரியும் பாவாடை. தையல்கூடத்தார் அதைப் பார்த்துக் காடாத் துணியில் ஒரு மாதிரி தைப்பார்கள், டியோர் திருத்துவார். அப்புறம்தான் பட்டும் கம்பளியும் கத்தரியைப் பார்க்கும். 1947 பிப்ரவரி 12 அன்று அவர் காட்டிய முதல் தொகுப்பில் புகழ்பெற்ற ‘பார்’ (Bar) உடையின் மேல்சட்டை வெளிர் பட்டு, பாவாடை கறுப்புக் கம்பளி. இரண்டே கோடுகளில் யாரும் அதை வரைந்துவிடலாம்.

அதே பாரிஸின் இன்னொரு வடிவமைப்பாளர் மதாம் கிரே அப்படி இல்லை. சிற்பியாக ஆசைப்பட்டவர். பட்டு ஜெர்சியை, அதாவது குழைந்து விழும் பின்னல் துணியை, நேரே உடல்மேல் போட்டு, மெல்லிய மடிப்புகளாகக் கூட்டிக் குண்டூசி குத்திக்கொண்டே போவார். துணி விழும் விதம்தான் வடிவம். இதைத் தாளில் எப்படிப் பிடிப்பது?

ஸ்கெட்ச் பத்துப் பேர் கைக்குப் போகும். கிரேயின் மடிப்பு அவ்வளவு எளிதில் கைமாறாது. உடுத்திப் பார்க்க எனக்குக் கிரேதான். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவா? சரி, டியோர்.