ஊர் ரோடு மெயின் ரோட்டில் சேரும் இடம்: வேகத்தடையா, வெள்ளைக் கோடா?

கிராமத்து ரோடு மெயின் ரோட்டில் போய் முட்டும் முச்சந்தியில் ஒருவர் அடிபட்டால், மறுநாளே ஊர்க்காரர்கள் கேட்பது வேகத்தடை. அதுவும் மெயின் ரோட்டின் குறுக்கே. அதில் நியாயம் இருக்கிறது. மேட்டுக்குப் போலீஸ் காவல் வேண்டாம், இரவு பகல் பார்க்காது. பலகைக்கும் கோட்டுக்கும் அந்த அதட்டல் கிடையாது.

ஆனால் போடுவது எந்த மேடு? ரோடு போடுவதற்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் (கட்சி அல்ல) சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். மீந்த தாரைக் கொட்டி ராத்திரியோடு ராத்திரியாக எழுப்புவது அப்படியா இருக்கிறது? குறுகலாக, செங்குத்தாக, இடுப்பை ஒடிக்கிற மாதிரி. மேலே அடித்த பெயிண்டும் போனால் கறுப்பு ரோட்டில் கறுப்பு மேடு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் பார்த்து, சுதாரித்து, நிற்க 80 மீட்டர் வேண்டும் என்பதும் அதே காங்கிரஸ் கணக்குதான். இருட்டில் அந்த மேடு பைக்காரர் கண்ணில் படும்போது அவ்வளவு தூரம் மிச்சமிருக்காது.

மெயின் ரோட்டுக்கு என் ஓட்டு, குறுக்கே வரிசையாகப் போடும் வெள்ளைப் பட்டைக் கோடுகளுக்கு. சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் தெர்மோபிளாஸ்டிக் பெயிண்டை உருக்கி ஊற்றி, சர்க்கரைப் பொடி மாதிரி கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். ஹெட்லைட் பட்டால் மின்னும். தடிமன் சில மில்லிமீட்டர்தான். வண்டியைத் தூக்கிப் போடாது, 'டுர்ர்' என்று அதிரவைத்துக் காலை பிரேக் பக்கம் நகர்த்தும். குறையும் உண்டு: தினமும் போகிறவருக்குப் பழகிவிடும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடும்.

நகைக்கடை விளம்பரத்தோடு நிற்கும் பேரிகேட்? விளம்பரதாரர் செலவு, நமக்கு இலவசம். ஒளிரும் ஸ்டிக்கர் உரிந்துபோனால் இரவில் அதுவே முட்டிக்கொள்ள ஒரு சுவர்.

சரி, வேகத்தடையே வேண்டாமா? வேண்டும், ஊர் ரோட்டில். மெயின் ரோட்டுக்குள் நுழைபவர்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. காங்கிரஸின் வேகத்தடைக் குறிப்பும் இப்படிச் சின்ன ரோடு பெரிய ரோட்டில் சேரும் இடத்தைத் தகுந்த இடமாகச் சொல்கிறது. அங்கே வண்டி மெதுவாகத்தான் வரும். மேடு ஆளைக் கவிழ்க்காது. கூடவே சிவப்பு எண்கோண 'நில்' பலகையும் தடித்த நிறுத்தக் கோடும். பலகையை மட்டும் நட்டால் நம்மில் எத்தனை பேர் நிற்போம்? மேடு வேகத்தைக் குறைக்கும். எந்த இடத்தில் நிற்பது என்று கோடு காட்டும்.

அந்தக் கோட்டில் நின்றால் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். மூலையில் சீமைக்கருவேலம் மறைத்தால், முன்சக்கரத்தை மெயின் ரோட்டுக்குள் நீட்டித்தான் எட்டிப் பார்ப்பார்கள். கையில் இருப்பது ஒரு நாள் கூலிக்கான காசு மட்டும் என்றால், பெயிண்டும் வேண்டாம், பலகையும் வேண்டாம். முதலில் அந்தப் புதரை வெட்டச் சொல்வேன். அப்படியே பக்கத்தில் கட்டியிருக்கும் காதுகுத்து பிளெக்ஸையும்.