விலைச்சீட்டின் கீழே இருந்த பொறிப்பு: சுழியோடப் பழகுவோர் கவனத்துக்கு

நோர்வேயில் இருக்கும் என் மச்சான், பேர்கனுக்கு அருகே 35 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் பழைய மீன்பிடிக் கப்பலொன்றைப் பார்க்க என்னையும் அழைத்திருந்தார். அதற்காக யாழ்ப்பாணத்தில் சுழியோடல் பழக்கும் ஒருவரிடம், ஆழப் பயிற்சிக்கும் குளிர்நீருக்கு ஏற்றது என்று அவர் காட்டிய பாவித்த றெகுலேற்றருக்குமாக (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துச் சுவாசிக்கத் தரும் கருவி) 185,000 ரூபாய் கட்டினேன். இரண்டிலும் ஏமாற்றப்பட்டேன்.

ஆழப் பயிற்சி என்றால் 18 மீற்றருக்குக் கீழே இறங்க வேண்டும். எங்களை இறக்கியதோ ஊர்காவற்றுறைக்கு வெளியே, பாக்கு விரிகுடாவில். "இவ்விடம் ஆறு பாகம்தான் தம்பி" என்று படகோட்டி சொன்னபோது, அது 11 மீற்றர் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தும் வாய் திறக்காதது என் பிழை. பதிவேட்டில் அன்றைய ஆழம் 32 மீற்றர் என்று பயிற்றுநரின் கையெழுத்திலேயே இருக்கிறது.

றெகுலேற்றர் விடயம் இதைவிட ஆபத்தானது. சிலிண்டரின் உயரழுத்தக் காற்று அதனுள் சட்டென்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. எங்கள் கடலின் 28 பாகைச் சூட்டில் அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் 6 பாகை நீரில் உறுப்புகளின் மேல் பனி கட்டி, வால்வு திறந்தபடியே இறுகிவிடும். கயிற்றைப் பிடித்து இறங்கி, கப்பலின் வின்ச்சும் அதில் சுற்றிக் கிடந்த நைலோன் வலையும் கீழே மங்கலாகத் தெரியத் தொடங்கிய வேளையில், 24 மீற்றரில், எனக்கு அதுதான் நடந்தது. வாய்க்குள் காற்று பீறிட்டுப் பாய, 170 பாரில் நின்ற அழுத்தமானியின் முள் பார்த்துக்கொண்டிருக்கவே 90க்கு இறங்கியது. மச்சான் தன் மாற்று வாய்க்கருவியைத் தந்து, என் சிலிண்டரை மூடி, மெதுவாக மேலே கொண்டுவந்தார்.

கரையில் அவர், பயிற்றுநர் றெகுலேற்றரில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் உரித்தார். கீழே '>10' என்ற பொறிப்பு இருந்தது. 10 பாகைக்குக் குறைந்த நீருக்குத் தகாத கருவிக்கு சுழியோடல் சுவாசக் கருவிகளுக்கான ஐரோப்பிய ஈஎன் 250 நியமத்தின்படி இடப்படும் அடையாளம் அது. சீட்டு தற்செயலாகத்தான் அவ்விடத்தில் ஒட்டப்பட்டது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வந்து பயிற்றுநரிடம் கேட்டபோது, "இஞ்சை நல்லாத்தானே வேலை செய்தது" என்றார். பற்றுச்சீட்டில் 'சுழியோடல் சாமான்கள்' என்று மட்டும் எழுதியிருப்பதால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதும்போது எதை வாங்கினேன் என்று காட்டவே சிரமப்படுகிறேன். குளிர்நாட்டுக் கடலுக்கென்று வாங்குவோர் பொறிப்பைப் பார்த்து, மாதிரியையும் தொடரிலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதுவித்த பிறகே பணம் கொடுங்கள். பயிற்சிக்குப் போனால், எத்தனை பாகம் என்று படகோட்டியிடமும் கேளுங்கள்.