குச்சிக்கிழங்குத் திப்பி: ஏழு மாதம் ஆட்டுக்குப் போட்டதில் கண்டது

ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) மில்லில் குச்சிக்கிழங்கின், அதாவது மரவள்ளியின், காய்ந்த திப்பி வாங்கி, என்னுடைய பதினெட்டு சேலம் கருப்பு ஆடுகளுக்கு ஏழு மாதமாகப் போட்டு வருகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் திப்பியை மட்டும் நம்பி ஆடு வளர்க்காதீர்கள். நான் முதலில் அப்படித்தான் வளர்த்தேன்.

கிழங்கை அரைத்து மாவுப்பாலை வடித்த பிறகு சல்லடையில் நிற்கிற சக்கைதான் திப்பி. மாவுச்சத்து அதில் இன்னும் நிறைய இருக்கும், புரதம் சொற்பம். தவிட்டைவிட மலிவாகக் கிடைத்தது, ஆடுகளும் ஆசையாகத் தின்றன. சரி என்று புண்ணாக்கையே நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு பெட்டை மந்தையில் பின்தங்க ஆரம்பித்தது. கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துக் கிடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 6.1. ஆட்டுக்கு நூறு மில்லி ரத்தத்தில் 8 முதல் 12 கிராம் வரை இருக்க வேண்டும்.

கால்நடை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வயிற்றில் இருக்கும் புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது. போன ரத்தம் ஊறப் புரதம் வேண்டும், அது தீவனத்தில் இல்லை. போதாததற்கு, குச்சிக்கிழங்கில் சயனைடு நஞ்சு உண்டு. அரைத்துக் கழுவிக் காயவைப்பதில் பெரும்பகுதி போய்விடும், மிச்சத்தை ஆட்டின் உடம்புதான் முறிக்க வேண்டும். அதற்குச் செலவாவதும் புரதத்தில் இருக்கிற கந்தகச் சத்துதான். கேட்டபோது வயிறு கலங்கியது. நிறைந்த வயிற்றோடு நின்ற ஆடுகளை நான் பட்டினி போட்டிருக்கிறேன்.

அப்புறம் அந்த மில்லில் எடுத்த இரண்டாவது லோடு. மேல் மூட்டையெல்லாம் வெள்ளையாக இருந்தது. அடியில் பிரித்தால் பாதி தோல், உள்ளே ஈரம், சாம்பல் நிறத்தில் பூஞ்சணம், புளித்த வாடை. கிழங்கிலேயே நஞ்சு அதிகம் உள்ள பாகம் தோல்தான். கேட்டதற்கு, "எல்லா லோடும் இப்படித்தான் வரும்" என்றார்கள். நான்கு மூட்டையைக் குழிதோண்டிப் புதைத்தேன். இப்போது வேறு மில்.

இப்போது பத்து கிலோ கலவையில் திப்பி மூன்று கிலோதான். மூன்று கிலோ கடலைப்புண்ணாக்கு, மீதிக்கு மக்காச்சோளமும் தவிடும். அயோடின் சேர்ந்த தாது உப்பு கட்டாயம், ஏனென்றால் அந்த நஞ்சு முறிந்து உண்டாகும் பொருள் அயோடினைத் தைராய்டுக்குப் போகவிடாமல் தடுக்கும். மாலையில் வேலிமசால் பசுந்தீவனம் ஒரு கட்டு. புழு மருந்தும் கொடுத்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே பெட்டைக்கு 9.4. மருந்து பாதி, தீவனம் பாதி என்றுதான் சொல்வேன்.

கையில் அள்ளி நெரித்தால் மொறமொறவென்று உடைய வேண்டும், பிசுபிசுத்தால் விட்டுவிடுங்கள். பங்குனி வெயிலில் களத்தில் காய்ந்த சரக்குதான் எனக்குச் சரிப்பட்டது. ஐப்பசி மழையில் வாங்க மாட்டேன். மூட்டையின் அடிவரை கைவிட்டுப் பார்க்க விடாத மில்லில் எந்த மாதமும் வாங்க மாட்டேன்.